கூப்பன் புத்தகமும் வாக்குச் சீட்டும்



மலைநாட்டுத் தோட்டத்து லயங்களிலே, முதியோர் தமது டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் காகிதங்கள் சில உண்டு. பழைய பிறப்புப் பதிவுச் சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதிற்கடிதம் முதலியவற்றோடு, மடிப்புக் குலைந்த அரிசிக் கூப்பன் புத்தகம் ஒன்றும் சில வீடுகளிலே அகப்படும். ஏனைய காகிதங்கள் ஒவ்வொன்றும் அவர்களை ஏதோவொரு காலத்திற் கைவிட்டதுண்டு. கூப்பன் புத்தகமோ நெடுங்காலம் கைவிடவில்லை. நாட்டிலே வாக்குரிமை இல்லை, பிரஜாவுரிமை இல்லை என்று சொல்லப்பட்ட குடும்பத்துக்கும், அரசாங்கத்தின் பங்கீட்டு அரிசி வாரந்தோறும் வந்துகொண்டேயிருந்தது. பிறகு அதுவும் குறைந்தது. ஒரு நாள் இல்லாமலே போயிற்று.

ஓர் அரசாங்கம் மக்களுக்கு உணவு வழங்கும்பொழுது, பெறுகின்றவனுக்கு அது உரிமையா, அன்றி வழங்குகின்றவனின் மனம்போல் வரும் சலுகையா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் சட்டப் புத்தகங்களைப் புரட்டுவது வழக்கம். நாம் இன்று நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். அங்கே இக்கேள்வி சட்டப் புத்தகத்தில் எழுதப்படுவதற்கு முன்னரே அடுப்பங்கரையில் எழுந்துவிட்டது.

சோற்றுக்காகவே கடல் கடந்து வந்த மக்கள் இவர்கள். கோப்பிக் காலத்திலே திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பல்லாயிரம் பேரை இக்கரைக்குத் தள்ளிவிட்டது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த மலையிலே நெல் விளையவில்லை. உண்ணும் அரிசியும் அவர்களைப் போலவே இந்தியாவிலிருந்து கப்பலேறி வரவேண்டியிருந்தது. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனை அடைந்தது. மறு ஆண்டிலே நானுஓயாவை எட்டியது. அதன் பின்னர் மேலேறிய வண்டியில் அரிசி மூடைகளும், கீழிறங்கிய வண்டியில் தேயிலைப் பெட்டிகளும் மாறி மாறிச் சென்றன.

அந்த அரிசியைத் தொழிலாளி சந்தையிற் போய் வாங்கவில்லை. தோட்டத்திலே அரிசி போடுவார்கள். அதன் விலை செக்ரோலில் அவன் பேருக்கு எதிரே பற்றெழுதப்பட்டு, மாத முடிவிலே கூலியிற் கழிக்கப்படும். வந்த வழிச் செலவு, கம்பளி விலை, கங்காணி கொடுத்த முன்பணம், இவற்றோடு அரிசிக் கடனும் சேர்ந்து, கைக்கு வரும் காசு மிகச் சொற்பமாகிவிடும். கடனடைத்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக இயலாதபடி 'துண்டு' என்னும் சீட்டு முறை வேறு இருந்தது. உணவு கொடுத்த கையே கட்டிப்போட்ட கையாகவும் இருந்ததென்றால் மிகையன்று. துண்டு முறை 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையில் அரசாங்கம் சிறிது சிறிதாகத் தலையிடத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டுத் தோட்ட வைத்தியத் தேவைச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலத்துக்கு உணவும் இருப்பிடமும் தோட்ட நிர்வாகம் அளித்தல் வேண்டும் என விதித்தது. இதைவிடப் பெரிய காரியம் 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம். அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வரையறுக்கப்பட்டது: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கூலியோடு அரிசி விலையும் சேர்த்துக் கட்டப்பட்டது. நல்ல அரிசி, வரையறுத்த விலைக்கு மேற்படாமல் கொடுக்கப்படல் வேண்டும். மேலும், வேலை செய்யும் ஆணுக்கும், வேலை செய்யாத சிறு பிள்ளைகளையுடைய விதவைக்கும் மாதந்தோறும் புசலில் எட்டிலொரு பங்கு அரிசி இலவசமாகக் கிடைத்தது.

எட்டிலொரு புசல் என்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்று நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அளவு சிறிதாயினும் அதன் தன்மை கவனிக்கத்தக்கது. கங்காணி இரங்கிக் கொடுத்த அரிசியன்று அது. சட்டம் கொடுக்கச் சொன்ன அரிசி. கொடாத துரைமீது வழக்குத் தொடரலாம். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியொருவர் கண்டியிலிருந்து கண்காணித்து வந்தமையால், இச்சட்டம் வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. ஆனால் ஒன்று: இவ்வுரிமை அவர்கள் 'இந்தியத் தொழிலாளர்' என்பதால் வந்தது. இந்நாட்டு மக்கள் என்பதால் வந்ததன்று. பிற்காலத்துத் துன்பங்களுக்கெல்லாம் வித்து இந்தப் பெயரிலேயே இருந்தது என்பது என் கருத்து.

இரண்டாவது உலக யுத்தம் இந்த ஏற்பாட்டைப் புரட்டிப் போட்டது. இலங்கை தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து பெற்று வந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது; ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீதே குண்டு விழுந்தது. அவ்வாண்டிலே நாடெங்கும் அரிசிப் பங்கீடு அமுலாயிற்று. கொழும்பிலே மாளிகையில் வாழ்ந்தவருக்கும் பொகவந்தலாவையில் லயத்தில் வாழ்ந்தவருக்கும் ஒரே அரசாங்கம் கூப்பன் புத்தகம் கொடுத்தது. தோட்டங்களிலே நிர்வாகத்தின் வாயிலாகவே பங்கீடு நடந்ததாயினும், கணக்குக் கேட்கும் அதிகாரம் உணவு ஆணையாளரிடம் இருந்தது. அரிசி போதாமற் போகவே கோதுமை மாவும் வந்து சேர்ந்தது. இன்று மலைநாட்டுக் காலையுணவு என்றதும் ரொட்டியை நினைக்கின்றோம். தோட்டத்து மக்களிடையே கோதுமை மா பரவலாகப் புழங்கியது அந்த யுத்த காலத்திலேதான்.

பங்கீட்டு முறையின் உள்ளே ஒரு பெரிய தத்துவம் தன்னையறியாமலே குடிபுகுந்துவிட்டது. வாய் ஒன்றுக்குப் பங்கு ஒன்று. அந்த வாய் சிங்களம் பேசுவதா, தமிழ் பேசுவதா, அதன் பாட்டன் எங்கே பிறந்தான் என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. அப்பொழுது இலங்கைப் பிரஜை என்று சட்டத்தில் ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் பிரித்தானிய முடியின் கீழிருந்த குடிகளே. ஆகையினால் பிரித்துப் பார்க்கும் எண்ணம் எழவும் வழியில்லை.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டிலே ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றஞ் சென்றார். அதற்கடுத்த ஆண்டே காற்று மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தகப்பன் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பதிவுச் சீட்டென்பதையே காணாத லயங்களிலே முப்பாட்டனுக்குச் சான்று தேடுவது எங்ஙனம்? அச்சட்டம் நடைமுறைக்கு வந்து இருபத்தைந்தே நாட்களின் பின், டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. உணவு உட்படத் தக்க வாழ்க்கைத் தரம் ஒவ்வொருவரின் உரிமை என்று அதன் 25ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை அப்பொழுது அச்சபையில் அங்கம் பெறவில்லை, 1955இலேதான் பெற்றது.

1949இல் இரண்டு சட்டங்கள் பின்தொடர்ந்தன. ஒன்று தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜையல்லாதாரின் வாக்குரிமையை அது நீக்கியது. மற்றொன்று இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். போதிய நிலையான வருமானமோ தக்க தொழிலோ உண்டென்றும் காட்ட வேண்டும். இந்த வருமான நிபந்தனையை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முப்பதாண்டுகளின் பின் இது தலைகீழாகத் திரும்பி வரப்போகின்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டு விசாரணையின் பின் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேரே. 1952இல் கொழும்பிலே 140 நாட்கள் சத்தியாக்கிரகம் நடந்தது. பயன் பெரிதாக விளையவில்லை.

இத்தனைக்கும் நடுவிலே கூப்பன் அரிசி நிற்கவில்லை. வாக்காளர் இடாப்பிலே பெயர் வெட்டப்பட்டவரின் பெயர் உணவுத் திணைக்களத்தின் இடாப்பிலே அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டால், கருணை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. பட்டினியால் வாடும் கை கொழுந்து பறிக்காது; கொழுந்து இல்லையேல் அந்நியச் செலாவணி இல்லை. இது ஒரு காரணம். யுத்த காலத்தில் ஏற்பட்ட நிர்வாகப் பழக்கம் இன்னொன்று. காரணம் எதுவாயினும், அவ்வரிசிக்கு அடியிலே அவர்களுடையதென்று சொல்லத்தக்க சட்ட உரிமை எதுவும் இருக்கவில்லை. அது பழக்கமாக வந்தது.

வாக்குரிமையோடு கூடிய அரிசிக்கும், வாக்குரிமையற்ற அரிசிக்கும் உள்ள வேற்றுமையை 1953ஆம் ஆண்டு நாட்டுக்குத் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டிலே நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசி கொத்தொன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின, அமைச்சரவை கப்பலிலே கூடியது. அக்டோபரிலே பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலகினார். பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவலை ஆட்சியில் விலை 55 சதமாகக் குறைந்தது. அரிசிக் கொத்தின் விலை ஒரு பிரதம மந்திரியை வீழ்த்தியது என்று இன்றும் பேசுகின்றார்கள். உண்மையிலே வீழ்த்தியது விலையன்று. அவ்விலையைக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் கையில் வாக்குச் சீட்டும் இருந்தது என்ற அச்சமே வீழ்த்தியது. அதன் பின்னர் கட்சிகள் அரிசிக் கூப்பனைத் தொடுவதற்குப் பெரிதும் அஞ்சின.

இவ்விடத்திலே உலகத்தின் மறுகோடியில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லுதல் பொருந்தும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, மிசிசிப்பி மாநிலத்திலே, லெஃப்லோர் என்றொரு மாவட்டம். கிரீன்வுட் அதன் தலைநகர். பருத்திக் காடுகளில் வேலை செய்த கறுப்பின மக்கள் குளிர்காலத்திலே சமஷ்டி அரசு தந்த இலவச உணவுப் பண்டங்களை நம்பி வாழ்ந்தனர். 1962இல் அவர்கள் வாக்காளராகப் பதியத் துணிந்தபொழுது, மாவட்ட நிர்வாக சபை அந்த உணவு விநியோகத்தையே நிறுத்திவிட்டது. டிக் கிரெகரி என்னும் நகைச்சுவைக் கலைஞர் விமானத்திலே உணவு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டி வந்தது. வாக்குக் கேட்டதற்காக அங்கே சோறு மறுக்கப்பட்டது. நமது நாட்டிலே வாக்கு பறிக்கப்பட்டும் சோறு நிற்கவில்லை. எனினும் இரண்டு இடத்திலும், சோறு போடுகின்ற கைக்குக் கணக்குக் கேட்பார் இல்லை என்பது ஒன்றே.

அமெரிக்காவிலே அதற்கு மருந்தாக 1964 யூலை மாதம் குடியியல் உரிமைச் சட்டம் வந்தது. சமஷ்டி அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும், இனம், நிறம், பிறந்த நாடு என்பவை காரணமாக எந்த ஆளையும் ஒதுக்கலாகாது என்பது அதன் ஆறாம் பாகம். 'பிரஜை' என்று சொல்லாமல் 'ஆள்' என்று சொன்னமை கவனிக்கத்தக்கது. ஆகஸ்டிலே உணவு முத்திரைச் சட்டமும் நிறைவேறியது. அந்நாட்டையும் வானளாவப் புகழ வேண்டியதில்லை. 1996இலே அதே நாடு குடியேறிய அந்நியரிற் பெரும்பாலோரை உணவு முத்திரையிலிருந்து விலக்கியது. ஆயினும் சட்டத்தில் ஓர் அடி நிலம் அங்கே உறுதியாகக் கிடைத்தது.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். நாடற்றோராய் இருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அப்பிறகு 1974இல் வந்து, அவர்கள் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். மனிதரைப் பங்கிட்ட இந்த இரு கணக்கிலும் அவர்களைக் கேட்டார் எவருமிலர்.

இனி, மலைநாட்டார் நெஞ்சில் ஆறாத வடுவாக நிற்கும் ஆண்டுகளுக்கு வருவோம். 1966 டிசம்பரிலே டட்லி சேனாநாயக்கா அரசாங்கம் வாரத்துக்கு இரு கொத்து என்றிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்து, அதை இலவசமாக்கியது. இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவோம் என்ற வாக்குறுதியோடு 1970இலே ஐக்கிய முன்னணி வெற்றி பெற்றது. 1973இலோ உலகச் சந்தையிலே தானிய விலை மளமளவென்று ஏறியது. எண்ணெய் விலையும் சேர்ந்தேறியது. தேயிலை விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. இலவச அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் விலையேறின. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது.

இத்துன்பம் நாடு முழுவதற்கும் பொது. ஆயினும் அது எல்லோரையும் ஒன்றாகத் தாக்கவில்லை. கிராமத்து ஏழைக்கு ஒரு துண்டு வயலாவது, உறவினர் வயலிலே கூலி நெல்லாவது இருந்தது. கொல்லையிலே பலாமரம் நின்றது. சிங்கள மக்கள் அதனைச் சோற்று மரம் என்றே அழைக்கின்றனர். தோட்டத் தொழிலாளி நின்ற மண்ணோ, லயத்தின் பின்னால் உள்ள சிறு மரக்கறிப் பாத்தி நீங்கலாக, முழுவதும் தேயிலை. அதைத் தின்ன முடியாது. தோட்டம் அரசுடைமையாகும் என்ற பேச்சு எழுந்ததும், பல நிர்வாகங்கள் செலவைச் சுருக்கி வேலை நாட்களைக் குறைத்தன. 'பேர்' குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் மா இல்லை. மேலும், அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்வதற்குத் தடை இருந்தது. வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்தைப் பள்ளத்தாக்குகளைத் தவிர நெல் வயல் அருகிய நுவரெலியா மாவட்டத்திலே, அத்தடை எவர் வயிற்றை அதிகம் தாக்கியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாட்டின் மரண விகிதம் 1973இலே ஆயிரத்துக்கு 7.7. 1974இலே அது ஏறத்தாழ 9ஆக உயர்ந்தது. பல்லாண்டு காலம் இறங்கியே வந்த எண் திடீரென்று ஏறியது. ஏற்றம் மிகக் கடுமையாக இருந்த இடம் தோட்டப் பகுதியே என்பதில் ஆராய்ந்தோரிடையே கருத்து வேற்றுமை இல்லை. குழந்தைகளின் மரணமே அங்கு முதலில் நின்றது. ஹற்றன், நாவலப்பிட்டி முதலிய நகரத் தெருக்களிலே தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றதை அக்காலத்தவர் கண்ணாரக் கண்டனர். இந்தியாவுக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கியிருந்த குடும்பங்கள் பலவற்றைக் கப்பலேற்றியது ஒப்பந்தமன்று, பசியே.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் விலையேற்றத்துக்கே நாடு கொதித்தெழுந்தது என்று கூறினேன். 1974இல் மனிதர் இறந்தும் அமைச்சரவை ஆடவில்லை. 1952 முதல் 1977 வரை இம்மக்கள் வாக்குப்போட்டு அனுப்பிய தலைவர் ஒருவரேனும் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. நியமன உறுப்பினர் இருந்ததுண்டு: 1960இல் தொண்டமான், 1970இல் ஏ. அசீஸ். நியமித்தவரிடம் மன்றாடலாம், அவரை மாற்ற இயலாது. ஹர்த்தாலின்போது கொழும்பு பயந்தது போல, ஹற்றனைக் கண்டு பயப்படக் காரணம் எவருக்கும் இருக்கவில்லை.

1977 தேர்தலிலே தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார்; மறு ஆண்டு அமைச்சருமானார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் வந்தது. அதன் சொற்களைக் கூர்ந்து வாசித்தல் வேண்டும். சட்டத்தின் முன் 'ஆட்கள் எல்லோரும்' சமம் என்று 12ஆம் உறுப்புரை தொடங்குகின்றது. அடுத்த பந்தியிலே, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் காரணமாக 'எந்தப் பிரஜையும்' பாரபட்சம் காட்டப்படலாகாது என்று சொல் மாறுகின்றது. அமெரிக்கச் சட்டத்திலே ஆள் நின்ற இடத்தில் இங்கே பிரஜை நிற்கின்றான். பேச்சு, ஒன்றுகூடல் முதலிய சுதந்திரங்களை, வேறு நாட்டுப் பிரஜையல்லாத நிரந்தர வாசிகளுக்குப் பத்தாண்டு காலத்துக்கு மட்டும் நீட்டித் தந்தது 14ஆம் உறுப்புரை. உரிமைக்குத் தவணை வைத்த விநோதம் அது.

அக்காலத்திலேதான் கூப்பனும் மறைந்தது. 1978இலே இலவச அரிசி, மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாக்கப்பட்டது. 1979இலே அதுவும் நீங்கி, பண மதிப்புள்ள உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபாய், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 20 ரூபாய், அதற்கு மேல் 15 ரூபாய். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெற்றனர். தோட்டங்களிலோ பெற்றவர் மிகக் குறைவு.

இதிலே வெளிப்படையான இன வேற்றுமை எதுவுமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் அவ்விதி கணக்கெடுத்த முறையைப் பாருங்கள். கிராமத்து மனிதன் தன் வருமானத்தைத் தானே சொல்லி எழுதினான். நெல், தேங்காய், இடைக்கிடை கூலி, இவற்றைக் கூட்டி மாத வருமானம் இவ்வளவென்று எவர் துணிந்து மறுக்க முடியும்? தோட்டத் தொழிலாளியின் வருமானம் சதக் கணக்கிலே செக்ரோலில் எழுதப்பட்டிருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த மகள் மூவரும் பேர் போட்டால் குடும்ப வருமானம் எல்லையைத் தாண்டிவிடும். அவ்வருமானத்தைப் பெறுவதற்கு அப்பெண்கள் எத்தனை மணி நேரம் மலைச்சரிவிலே மழையில் நின்றார்கள் என்பதோ, அடுப்பை யார் பார்த்தார்கள் என்பதோ படிவத்தில் இல்லை. முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன நிபந்தனை இங்கேதான் திரும்பி வருகின்றது. 1949இலே பிரஜாவுரிமை கேட்டவனிடம் 'உனக்குப் போதிய வருமானம் உண்டென்று காட்டு' என்றார்கள். காட்ட இயலாது தவித்தான். 1979இலே உணவு முத்திரை கேட்டவனிடம் 'போதிய வருமானம் இல்லையென்று காட்டு' என்றார்கள். அப்பொழுதும் தவித்தான்.

1980இன் தொடக்கத்திலே புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. அதன் பின் பிறந்த குழந்தைகளுக்கு முத்திரை இல்லை. விலைவாசி ஏறவே, முன்பு பெற்றோரின் முத்திரையும் சில ஆண்டுகளில் பாதி மதிப்பிழந்தது. அதே 1980 யூன் மாதத்திலே இலங்கை, உணவு உரிமையை ஒப்புக்கொள்ளும் பொருளாதார சமூக பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையிலே சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சரவையிலே மலைநாட்டுத் தலைவர் இருந்த காலம் அது. பிரதிநிதித்துவத்தால் பயனேயில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. 1984இலே தோட்டத்து ஆண் பெண் கூலி சமமானது அப்பலத்தினாலேதான். ஆனால் படிவத்தின் ஒரு வரியிலே ஒளிந்திருக்கும் விலக்கலைப் பாராளுமன்ற ஆசனமும் எளிதிற் காண்பதில்லை.

பிரஜாவுரிமைச் சிக்கல் 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது. அதன் பின்னும் உதவித் திட்டங்கள் தோட்ட வாயிலிலே தயங்கி நின்றன. 1995இலே தொடங்கிய சமுர்த்தி தோட்டங்களிலே நெடுங்காலம் மெலிந்தே இருந்தது. தோட்டம் என்பது கம்பனியின் இடம் என்ற எண்ணம் அதிகாரிகளின் மனத்தை விட்டு அகலவில்லை. சட்டமும் அதற்கு இடந்தந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துள்ளே சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே அத்தடை நீங்கியது. லயத்துக்கு இலக்கமில்லை; தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து கிடக்கும். உதவிக் கடிதம் காலங்கடந்து கைக்கு வந்த கதைகளை எங்கள் பாடசாலைப் பெற்றோரிடம் நான் நிறையக் கேட்டிருக்கின்றேன்.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையிலே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நூற்றுக்கு 17.3. தோட்டத்துறையிலே 31.7. வகுப்பிலே வரிசையாக நிற்கவைத்தால் எங்களுக்கு அளவீடு தேவைப்படுவதில்லை.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையிலே, போதிய உணவு உடை வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தைப் பிரஜைகள் எல்லோரும் எய்துதல் அரசின் நோக்கங்களுள் ஒன்றென எழுதப்பட்டுள்ளது. 29ஆம் உறுப்புரை, அதனை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று அடைத்துவிடுகின்றது. ஆகவே வழக்காடத்தக்க கதவு ஏதேனும் உண்டா என்று தேடினால், 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்திலே ஒன்று தென்படுகின்றது. அச்சட்டத்தின் கீழ், 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர், 2023இலே அஸ்வெசும திட்டம் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது. பட்டியல்கள் வெளியானபொழுது தோட்டங்களிலே எழுந்த குறைகள் கொஞ்சமல்ல. ஆனால் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் சேர்க்கப்பட்டால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் அவ்வாறு செய்தனர். 1974இலே ஹற்றன் தெருவிலே நின்றவருக்கு இப்படி எழுதிக் கொடுப்பதற்கு ஒரு காகிதம் இருக்கவில்லை.

அந்நாட்களிலே எங்கள் பாடசாலைக்கும் தாய்மார் பலர் படிவங்களோடு வந்தனர். ஆசிரியர்கள் மாலையில் இருந்து எழுதிக் கொடுத்தோம். எழுதி முடித்ததும் அவர்களிற் பலர் கேட்ட கேள்வி ஒன்றே: "இதைத் தோட்டத்து ஆபீசில துரைக்கிட்டயா சார் குடுக்கணும்?" வேண்டாம் அம்மா, பிரதேச செயலகத்தில் நீங்களே நேரிற் கொடுத்து, பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.